பகுத்தறிவும் எழுப்புதலும்: காலனி கால அமெரிக்கச் சிந்தனையை உருவாக்கியது எது?

கலைச்செல்வி_திருச்சி (இழையைத் தொடங்கியவர்)

கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாள் எடுக்கிறேன். முதல் அலகிலேயே போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸும் அச்சகர், அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்க்ளினும் அடுத்தடுத்து வருகிறார்கள். கைடுகளில் எல்லாம் ஒரே பாட்டுதான். எட்வர்ட்ஸ் என்றால் பக்தி, பயம், நரகம். பிராங்க்ளின் என்றால் அறிவியல், உழைப்பு, முன்னேற்றம். மாணவர்களும் நடுவில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் ஐந்தைந்து குறிப்பு எழுதிவிடுகிறார்கள்.

எனக்கு அது ஒப்பவில்லை. எட்வர்ட்ஸ் இளம் வயதிலேயே ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைப் படித்து ஊறியவர், நியூட்டனை அறிந்தவர். பிராங்க்ளினோ எழுப்புதலின், அதாவது மனமாற்றத்தை வலியுறுத்திப் பரவிய கிறிஸ்தவப் பக்தி அலையின், மிகப் பெரிய பிரசங்கியான ஜார்ஜ் விட்ஃபீல்டின் நண்பர், அவருடைய பிரசங்கங்களை அச்சிட்டவர். அப்படியிருக்க இரண்டு அணியாகப் பிரிப்பது எப்படிச் சரியாகும்? லாக், நியூட்டன் வழி வந்த பகுத்தறிவும் 1730, 40-களின் எழுப்புதலும் அந்தக் காலனிகளில் எப்படி ஒன்றோடொன்று பழகின? சம்பவங்களோடு எழுதினால் வகுப்புக்கு உதவும்.

பழையநூல்

மேடம், 1740-க்குப் போகும் முன் 1721-ல் பாஸ்டனில் நடந்ததை வகுப்பில் சொல்லுங்கள். அந்தக் கோடு அங்கேயே அழிந்துவிடும்.

அந்த ஆண்டு கப்பல் வழியாகப் பெரியம்மை ஊருக்குள் வந்தது. சுமார் 11,000 பேர் வாழ்ந்த ஊரில் பாதிப்பேருக்கு மேல் நோய் கண்டது. 844 பேர் இறந்தார்கள். அப்போது அம்மை குத்திக்கொள்ளுங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர் ஒரு போதகர், காட்டன் மாதர். மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரின் சூனிய வழக்குகளுக்குப் பக்கபலமாக எழுதினார் என்று நாம் படிக்கும் அதே மாதர்தான். அவருக்கு இந்த முறையைச் சொன்னவர் அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். உனக்கு அம்மை வந்திருக்கிறதா என்று மாதர் கேட்க, தன் ஊரில் நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து ஆரோக்கியமானவரின் தோலைக் கீறி வைப்பார்கள், அதற்குப் பிறகு பெரிய நோய் வராது என்று கையிலிருந்த தழும்பைக் காட்டியிருக்கிறார். மாதர் மற்ற ஆப்பிரிக்கர்களிடமும் விசாரித்தார். லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி வெளியிட்ட துருக்கி அறிக்கையோடு ஒப்பிட்டார். பிறகுதான் மருத்துவர்களுக்கு எழுதினார்.

அவர்களில் சப்டியல் பாய்ல்ஸ்டன் ஒருவர்தான் முன்வந்தார். ஜூன் 26 அன்று தன் ஆறு வயது மகனுக்கும், வீட்டு அடிமைகள் இருவருக்கும் குத்தினார். அந்த இருவரிடம் சம்மதம் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எதிர்த்தவர் யார்? வில்லியம் டக்ளஸ். பாஸ்டனில் பல்கலைக்கழக மருத்துவப் பட்டம் வைத்திருந்த ஒரே மருத்துவர். அவருக்கு மேடை கொடுத்தது ஜேம்ஸ் பிராங்க்ளின் நடத்திய பத்திரிகை. அங்கே அச்சுக் கோத்துக்கொண்டிருந்த 15 வயதுப் பையன்தான் ஜேம்ஸின் தம்பி பெஞ்சமின். நவம்பரில் மாதர் வீட்டு ஜன்னல் வழியே யாரோ வெடிகுண்டு எறிந்தார்கள், அது வெடிக்கவில்லை. கடைசியில் கணக்குப் பார்த்தபோது, அம்மை குத்திக்கொண்ட இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோரில் 6 பேர் இறந்திருந்தார்கள். இயல்பாக நோய் கண்டவர்களில் ஏழில் ஒருவர் இறந்திருந்தார். பாய்ல்ஸ்டன் அந்தக் கணக்கைப் புத்தகமாகவே போட்டார்.

இதன் தொடர்ச்சி மனதை உலுக்கும். 1736-ல் பெஞ்சமின் பிராங்க்ளினின் நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையில் இறந்தான். அம்மை குத்தாமல் விட்டதற்கு வாழ்நாள் முழுக்க வருந்தியதாகப் பிராங்க்ளினே எழுதியிருக்கிறார். எட்வர்ட்ஸ் 1758-ல் நியூ ஜெர்சி கல்லூரித் தலைவராகப் பொறுப்பேற்ற சில வாரங்களில் தானே முன்வந்து அம்மை குத்திக்கொண்டு, அதனாலேயே இறந்துபோனார். நரகத்தைப் பற்றிப் பிரசங்கித்தவர் அறிவியலை நம்பி உயிரை விட்டிருக்கிறார்.

நெய்வேலி குமரன்

நல்ல சம்பவம் அண்ணே. ஆனால் ஒரு மாதரை வைத்துக்கொண்டு மதமும் அறிவும் கைகோத்து நடந்தன என்று சொல்வது அவசரம். எழுப்புதலின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். 1743 மார்ச் 6, நியூ லண்டன் துறைமுகம். ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற போதகர் தன் ஆதரவாளர்களைக் கூட்டி ஒரு தீ மூட்டுகிறார். அதில் போட்டவை நாத்திகப் புத்தகங்கள் கிடையாது. மாதரின் தந்தை இன்க்ரீஸ் மாதர் போன்ற மதிப்புக்குரிய போதகர்கள் எழுதிய நூல்கள். மறுநாள் ஆடம்பர உடைகளையும் குவித்தார்கள். அடுத்த ஆண்டு டேவன்போர்ட் இதற்காக அச்சிலேயே மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனாலும் உள்ளே ஆவியானவர் பேசுகிறார், இனிப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் அந்த அலையில் இருந்தது உண்மை.

பாஸ்டன் முதல் சபையின் சார்ல்ஸ் சான்சி அதே 1743-ல் நானூறு பக்கத்துக்கு மேல் ஒரு நூல் எழுதிக் கேட்டது இதைத்தான். அலறலும் மயக்கமும் கடவுளின் வேலை என்று எப்படி நம்புவது? மனிதனை வழிநடத்த வேண்டியது தெளிந்த அறிவா, கிளர்ந்த உணர்ச்சியா? அவரும் ஒரு போதகர்தான். ஆக, கோடு இருந்தது. அதைச் சபைக்கு உள்ளேயே போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜோசப்_நாசரேத்

குமரன் தம்பி சான்சியைக் கொண்டுவந்தது நல்லது. அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் எட்வர்ட்ஸ். நான் எழுப்புதல் கூட்டங்களிலேயே வளர்ந்தவன், அதனால் எட்வர்ட்ஸைப் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு. அந்த மனிதர் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்த்தவர் இல்லை. நடந்ததைக் குறிப்பெடுத்தவர்.

1734-35-ல் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் அவர் சபையில் எழுப்புதல் உண்டானது. ஆறு மாதத்தில் 300-க்கும் மேற்பட்டோர் மனம் திரும்பியதாக எழுதுகிறார். யார், என்ன வயது, என்ன நிலையில் மாறினார்கள், எத்தனை நாளில் மாறினார்கள் என்று ஒவ்வொருவரையும் கவனிக்கிறார். எல்லோருக்கும் ஒரே வரிசையில் நடக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். 1735 ஜூன் 1 அன்று அவருடைய உறவினரான ஜோசப் ஹாலி மனச்சோர்வில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்தோடு அந்த அலையே வடிந்தது. எழுப்புதலைப் புகழ எழுதிய நூலில் இந்தச் சாவையும் எட்வர்ட்ஸ் மறைக்காமல் பதிவு செய்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

லாக்கிடமிருந்து அவர் எடுத்தது என்ன? அறிவெல்லாம் அனுபவத்திலிருந்து வருகிறது என்பதை. 1734-ல் அச்சான ஒரு பிரசங்கத்தில் தேனை உதாரணம் காட்டுகிறார். தேன் இனிக்கும் என்று பிறர் சொல்லக் கேட்டு ஒப்புக்கொள்வது ஒன்று, நாக்கில் வைத்து உணர்வது வேறு. இனிப்பை ருசித்துப் பார்க்காதவனுக்கு அந்தக் கருத்தே மனதில் உருவாகாது. இது முழுக்க லாக்கின் தர்க்கம். லாக் ஐம்புலன்களோடும், மனம் தன்னையே கவனிப்பதோடும் நின்றார். எட்வர்ட்ஸ் அதையே கடவுளின் அழகை உணர்வதற்கும் நீட்டினார். கடவுளைப் பற்றி ஆயிரம் சரியான வாக்கியங்கள் சொல்லத் தெரிந்தவன் இன்னும் ருசிக்காதவனாகவே இருக்கலாம் என்றார்.

சான்சி கேட்ட கேள்வியையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. 1746-ல் வந்த நூலில் 12 அடையாளங்களைச் சொல்லி, இவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்கிறார். உடல் நடுங்குவது, வேத வசனம் திடீரென நினைவுக்கு வருவது, ஓயாமல் சாட்சி சொல்வது எல்லாம் அதில் அடக்கம். அப்புறம் நம்பத்தக்க 12 அடையாளங்கள் தருகிறார். கடைசியானதும் மிக நீளமானதும் எது தெரியுமா? வாழ்க்கை நடைமுறை. அதாவது, நீ கூட்டத்தில் எப்படி அழுதாய் என்று பார்க்காமல் பல வருஷம் எப்படி நடந்துகொள்கிறாய் என்று பார். உணர்ச்சியை இவ்வளவு பொறுமையாகச் சலித்துப் பார்த்தவரைப் பகுத்தறிவுக்கு எதிரி என்று எப்படிச் சொல்வது?

கலைச்செல்வி_திருச்சி

ஜோசப் ஐயா, மிக்க நன்றி. பாடத்தில் இருப்பது 1741 ஜூலை 8-ல் என்ஃபீல்டில் செய்த அந்த ஒரே பிரசங்கம். அதில் வரும் சிலந்தி உவமையை, நரக நெருப்பின் மேல் நூலில் தொங்கும் மனிதன் என்று மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதே எட்வர்ட்ஸ் இருபது வயதையொட்டி, சிலந்திகள் நூல்விட்டுக் காற்றில் எப்படி மிதந்து போகின்றன என்று நேரில் கவனித்து, படம் வரைந்து, ராயல் சொசைட்டிக்குச் சேரட்டும் என்று கடிதம் எழுதியவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன்.

பிராங்க்ளின் பக்கமும் இதே மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பழையநூல்

இருக்கிறது. விட்ஃபீல்ட் 1739-ல் பிலடெல்பியா வந்தபோது, நீதிமன்றப் படிக்கட்டின் மேல் நின்று மார்க்கெட் தெருவில் பிரசங்கிக்கிறார். பிராங்க்ளின் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார். இவர் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்க ஆற்றுப் பக்கமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறார். ஃபிரண்ட் தெரு நெருங்கும் வரை சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. அதற்குப் பிறகு தெருச் சத்தத்தில் மறைகின்றன. அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஒரு அரைவட்டம் கற்பனை செய்து, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று வகுத்து, 30,000 பேருக்கும் மேல் இவர் பேச்சைக் கேட்க முடியும் என்று கணக்குப் போடுகிறார். பழைய வரலாறுகளில் தளபதிகள் பெரும் படைகளுக்கு முன் உரையாற்றியதாக வருவதை அதுவரை சந்தேகித்தவர், அன்றுதான் நம்பினார்.

இன்னொரு நாள். ஜார்ஜியாவில் அநாதை இல்லம் கட்ட விட்ஃபீல்ட் காணிக்கை கேட்கப் போகிறார். ஆளும் பொருளும் இல்லாத ஜார்ஜியாவில் கட்டுவதைவிடப் பிள்ளைகளைப் பிலடெல்பியாவுக்கு அழைத்து வருவது மேல் என்பது பிராங்க்ளின் கருத்து. அதனால் ஒரு காசும் தருவதில்லை என்று தீர்மானித்துப் போகிறார். பையில் செம்புக் காசுகள், மூன்று நான்கு வெள்ளி டாலர்கள், ஐந்து தங்க நாணயங்கள். பிரசங்கம் போகப் போக முதலில் செம்பைக் கொடுக்கலாம் என்று இளகுகிறார். அப்புறம் வெள்ளி. முடியும்போது தங்கம் உட்பட எல்லாமே தட்டில். விட்ஃபீல்டின் மதத்தை அவர் ஏற்கவே இல்லை. தன் மனமாற்றத்துக்காக விட்ஃபீல்ட் ஜெபித்ததையும், அந்த ஜெபம் பலிக்காததையும் அன்போடுதான் எழுதுகிறார். நட்பு சாகும்வரை நீடித்தது.

அந்தக் கட்டடத்தையும் சொல்ல வேண்டும். சபைகள் கதவை அடைத்ததால் விட்ஃபீல்ட் திறந்த வெளியில் பேச வேண்டியிருந்தது. அதனால் 1740-ல் ஊர் மக்களே பணம் போட்டு 100 அடிக்கு 70 அடியில் ஒரு கூடம் கட்டினார்கள். எந்த மதத்துப் போதகரும் அங்கே பேசலாம் என்று வைத்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் முப்தி இஸ்லாத்தைப் பரப்ப ஆள் அனுப்பினாலும் மேடை கிடைக்கும் என்று பிராங்க்ளின் பெருமைப்படுகிறார். கடைசியில் அது அவர் தொடங்கிய கல்விக்கூடத்துக்குக் கைமாறி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் முதல் வீடானது.

கடலோடி

பெரிய ஆட்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். நேதன் கோல் என்ற கனெக்டிகட் விவசாயி எழுதிவைத்த பக்கங்களைப் படித்தால் இதன் வேகம் புரியும். 1740 அக்டோபர் 23 காலை, வயலில் வேலை. விட்ஃபீல்ட் மிடில்டவுனில் பத்து மணிக்குப் பேசுகிறார் என்று சேதி வருகிறது. கையில் இருந்ததை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மனைவியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். 12 மைல். குதிரைக்கு மூச்சு வாங்கினால் இவர் இறங்கி ஓடுகிறார், மறுபடி ஏறுகிறார். தூரத்தில் ஒரு மூட்டம் தெரிகிறது. ஆற்றுப் பனி என்று நினைத்தால், அது சாலை முழுக்க வரும் குதிரைகளின் குளம்புப் புழுதி. ஆற்றில் படகுகள் ஆட்களை ஏற்றி ஏற்றி இறக்குகின்றன. வழியெல்லாம் வயலில் ஒருவரும் இல்லை.

அன்று கேட்டது தன் இதயத்தில் காயம் உண்டாக்கியது என்கிறார். தன் நற்செயல்கள் தன்னைக் காப்பாற்றாது என்று பட்டு, ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த வேதனையோடு இருந்திருக்கிறார். பிறகு ஊர்ச் சபையை விட்டே விலகி, தனிச் சபை கூடிய பிரிவினையாளர்களோடு சேர்ந்தார். படிப்பில்லாத ஒரு விவசாயி தன் ஊர்ப் போதகரை எடை போட்டு, இவர் போதாது என்று முடிவு செய்கிறார். கில்பர்ட் டென்னன்ட் அதே 1740-ல், மனம் திரும்பாத போதகர்களை விட்டு மக்கள் விலகிப் போகலாம் என்று வெளிப்படையாகப் பிரசங்கித்திருந்தார். எதையும் நீயே சோதித்துப் பார் என்று லாக் படித்தவர்களுக்குச் சொன்னதை, லாக் பெயரே கேட்டிராத கோலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எழுப்புதல்தான் என்பது என் எண்ணம்.

நெய்வேலி குமரன்

கடலோடி சொல்வது மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் இங்கிருந்து ஒரே தாவாகப் போதகரை எதிர்த்தவன் மன்னரை எதிர்த்தான், எழுப்புதல்தான் அமெரிக்கப் புரட்சிக்கு விதை என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அங்கே நான் நின்றுவிடுவேன்.

1750 ஜனவரியில் கொடுங்கோல் மன்னனுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று பாஸ்டனில் முழங்கியவர் ஜோனத்தன் மேஹ்யூ. அவர் எழுப்புதலின் ஆள் அல்லர், பகுத்தறிவுப் போதகர். எழுப்புதலைக் கடுமையாகத் தாக்கிய சான்சியும் பின்னாளில் உறுதியான தேசபக்தராக நின்றார். இன்னொன்று: ‘பெரும் எழுப்புதல்’ என்று ஒரே நிகழ்வாகப் பெயர் நிலைத்தது 1842-ல் ஜோசப் டிரேசி எழுதிய நூலுக்குப் பிறகு. அது அத்தனை காலனிகளையும் இணைத்த ஒரே அலை என்பதே பின்னால் வந்தவர்கள் கட்டியது என்று 1982-ல் வரலாற்றாசிரியர் ஜான் பட்லர் வாதிட்டார். நியூ இங்கிலாந்தில் 1742-க்குப் பிறகு தணிந்தபோது வர்ஜீனியாவில் அப்போதுதான் ஆரம்பம். இதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள் மேடம்.

மீனா_சேலம்

குமரன் சொன்ன வர்ஜீனியாவில்தான் இரண்டும் நேராகச் சந்திக்கின்றன. அங்கே இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைதான் அரசு மதம். எல்லோரும் அதற்கு வரி கட்ட வேண்டும். 1760-களின் பிற்பகுதியிலிருந்து எழுப்புதலில் உருவான பாப்டிஸ்ட் போதகர்கள் உரிமம் வாங்காமல் பிரசங்கித்ததால் சிறைக்குப் போனார்கள். கல்பெப்பர் சிறையில் ஜேம்ஸ் அயர்லண்ட் கம்பிக்குள் இருந்தபடியே வெளியே நின்ற கூட்டத்துக்குப் பேசியிருக்கிறார். 1774 ஜனவரியில் பின்னாளில் அமெரிக்க அதிபரான 22 வயது ஜேம்ஸ் மாடிசன் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் மதக் கருத்தை வெளியிட்டதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று கொதிக்கிறார்.

1784-ல் கிறிஸ்தவப் போதகர்களுக்காகப் பொது வரி விதிக்கும் மசோதாவை பேட்ரிக் ஹென்றி முன்வைத்தார். மாடிசன் எதிர்த்து எழுதிய விண்ணப்பத்தில் லாக்கின் வாடை வீசுகிறது: மனச்சாட்சி எவருக்கும் கைமாற்ற முடியாத உரிமை. ஆனால் அதைவிட அதிகக் கையெழுத்து விழுந்தது எழுப்புதல்காரர்கள் சுற்றுக்கு விட்ட இன்னொரு விண்ணப்பத்தில். அரசு ஆதரவு சுவிசேஷத்துக்கே கேடு என்பது அவர்கள் வாதம். ஒருவர் அரசை மதத்திடமிருந்து காக்க நினைத்தார், மற்றவர்கள் மதத்தை அரசிடமிருந்து. மசோதா செத்தது, ஜெபர்சன் எழுதிவைத்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது. தத்துவம் படித்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் ஓட்டு கிடைத்திருக்காது. பாப்டிஸ்டுகள் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு அப்படி ஒரு வடிவம் கிடைத்திருக்காது.

ஜோசப்_நாசரேத்

இடையில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று. எட்வர்ட்ஸ் படித்த கல்லூரிக்கு யேல் என்று பெயர் வந்தது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலால். 1718-ல் அவர் அனுப்பிய துணிமணி மூட்டைகள் சுமார் 562 பவுண்டுக்கு விற்றன. அவரிடம் உதவி கேட்டு எழுதியவர் மேலே பேசிய அதே காட்டன் மாதர். மாதர் தரங்கம்பாடி மிஷனரிகளோடும் கடிதத் தொடர்பில் இருந்தார். அங்கிருந்த சீகன்பால்குவுக்கு மாதர் எழுதிய கடிதம், சீகன்பால்கு 1719-ல் இறந்த பிறகே வந்து சேர்ந்தது. அந்தக் கடிதங்களை மாதர் பாஸ்டனில் நூலாகப் போட்டது, அம்மைச் சண்டை நடந்த அதே 1721-ல். விட்ஃபீல்டின் ஜார்ஜியா அநாதை இல்லத்துக்கும், தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய ஜெர்மனியின் ஹாலே நகர இல்லம்தான் முன்மாதிரி.

கலைச்செல்வி_திருச்சி

அந்த இல்லத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஒனெசிமஸில் தொடங்கினோம், அடிமை முறையைத் தொடாமல் நகர்ந்துவிட்டோம். 1731-ல் எட்வர்ட்ஸ் நியூபோர்ட்டுக்குப் போய் வீனஸ் என்று பெயரிடப்பட்ட பதின்வயதுச் சிறுமியை 80 பவுண்டுக்கு வாங்கினார்; பத்திரம் இன்றும் இருக்கிறது. ஜார்ஜியாவில் முதலில் அடிமை முறைக்குத் தடை இருந்தது. அதை நீக்கச் சொன்னவர்களில் விட்ஃபீல்டும் ஒருவர், 1751-ல் நீங்கியது. அநாதை இல்லத்துக்கு வேலை செய்ய அடிமைகளையும் வைத்துக்கொண்டார். பிராங்க்ளின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள், அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. பகுத்தறிவும் சரி, எழுப்புதலும் சரி, இங்கே தோற்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

பழையநூல்

அந்தத் தலைமுறை தோற்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை அவர்களுக்கே எதிராகத் திருப்பியவர்கள் வந்தார்கள். நியூபோர்ட்டில் சாரா ஆஸ்போர்ன் என்ற ஏழைப் பள்ளி ஆசிரியை வீட்டில் 1766-67-ல் வாரத்துக்கு 500 பேருக்கும் மேல் ஜெபிக்கக் கூடினார்கள். அதில் அடிமைகளும் உண்டு. ஆஸ்போர்னின் முயற்சியால் அவருடைய சபைக்குப் போதகராக வந்த சாமுவேல் ஹாப்கின்ஸ், எட்வர்ட்ஸிடம் தங்கிப் படித்தவர். 1776-ல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி நூல் எழுதி, காலனிகளின் பேரவையான காங்கிரசுக்கே சமர்ப்பித்தார்.

எனக்கு அவர்களைவிட முக்கியமாகப் படுபவர் லெமுவேல் ஹேன்ஸ். 1753-ல் பிறந்தவர். தந்தை ஆப்பிரிக்கர், தாய் வெள்ளையர். ஐந்து மாதக் குழந்தையாகவே மாசசூசெட்ஸ் கிரான்வில்லில் ஒரு விவசாயி வீட்டுக்கு 21 வயது வரை ஒப்பந்த வேலையாளாக விடப்பட்டார். இரவில் அடுப்பு வெளிச்சத்தில் படித்தார். சனிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் யாராவது அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை வாசிப்பது வழக்கம். ஒருநாள் தான் எழுதிய தாளைப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்தார். கண்பார்வை மங்கிய வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, அருமை, இது விட்ஃபீல்ட் பிரசங்கமா, டேவிஸ் பிரசங்கமா என்றார். லெமுவேல் பிரசங்கம் என்று பதில் வந்தது.

1775-ல் ஆங்கிலேயப் படையோடு நடந்த லெக்சிங்டன் மோதலுக்குப் பிறகு படையோடு போனார். மறு ஆண்டு சுதந்திரப் பிரகடனம் வந்ததும், சுதந்திரத்தை இன்னும் விரிவாக்கக் கோரி ஒரு கட்டுரை எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடன வரியை முகப்பிலேயே வைத்து, உள்ளே லாக் வழி வந்த இயற்கை உரிமை வாதத்தையும் எழுப்புதல் சபையில் கற்ற வேதாகமத்தையும் சேர்த்தே எடுத்தாள்கிறார். ஒரே இரத்தத்தால் மனுஷஜாதியான சகல ஜனங்களையும் கடவுள் உண்டாக்கினார் என்ற வசனம் அதில் உண்டு. வெள்ளையனுக்குச் சுதந்திரம் எவ்வளவு அருமையோ கறுப்பனுக்கும் அவ்வளவே அருமை என்கிறார். மேடம், உங்கள் மாணவர்கள் நடுவில் கோடு போட்டால் இவரை எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று கேளுங்கள்.

அந்தக் கட்டுரை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. பின்னால் வெர்மான்ட்டின் ரட்லண்டில் முப்பது ஆண்டுகள் வெள்ளையர் சபைக்குப் போதகராக இருந்தார். கையெழுத்துப் படி கண்டெடுக்கப்பட்டு முதன்முதலாக வெளியானது 1983-ல். இப்போது தாராளமாகக் கிடைக்கிறது, சில பக்கங்கள்தான், வகுப்பிலேயே வாசித்துவிடலாம்.